ஏசி அறையில் ஒட்டிய கடதாசி

என்னுடைய நான்காவது பாடம் அது. இரவு ஒரு மணி வரை விழித்திருந்து செய்த 22 ஸ்லைட் பென் டிரைவில் இருந்தது. புரொஜெக்டர் உப அதிபரின் அலுமாரியில். அலுமாரித் திறப்பு இன்னொரு மிஸ்ஸிடம். அந்த மிஸ் மேல்மாடியில். ஓடிப்போய் எடுத்து வந்து, ஆட்டம் கண்ட பிளக்குக்குக் கொப்பி மட்டையை மடித்து முட்டுக்கொடுத்து, யன்னல்களைச் சாத்தி, ஒருவழியாகச் சுவரில் வெளிச்சம் விழுந்தபோது 40 நிமிடப் பாடவேளையில் 14 நிமிடம் போயிருந்தது. வந்தது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் அள்ளிக் கொட்டியது போல ஏதோ ஒன்று.

"மிஸ், இது என்ன பாஷ?"

"மரம் செடி பேசுற பாஷடா" என்று பின்வரிசையில் ஒருத்தன் பதில் சொன்னான். அன்றைய பாடம் தாவரப் பல்வகைமை. 41 பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சோக்கை எடுத்தேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்துவிட்டு, மூன்றாம் வருட உள்ளகப் பயிற்சிக்குக் கொழும்புக்கே திரும்பி வந்தவள். வடகொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை, தரம் 7 விஞ்ஞானம். நியமனக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே இதை ஓர் ஆசிரியை எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியை ஆகப் போகிறவள், பட்ட அடியெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 'பாஷை' பற்றி. இலங்கையில் பாடசாலை வேலை செய்யும் எல்லாருக்கும் பாமினி எழுத்துருவைத் தெரியும். அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினி தன் வயிற்றுக்குள் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி போட்ட கணினி அதை 'அம்மா' என்று காட்டும். போடாத கணினி வயிற்றில் உள்ளதை அப்படியே வாந்தி எடுக்கும். என் மடிக்கணினியில் பாமினி இருந்தது, பாடசாலைக் கணினியில் இல்லை. அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு எதையும் யூனிகோடில்தான் (தமிழ் எழுத்துகளுக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறை) அடிக்கிறேன். பாமினி விசைகளில் விரல் பழகியவர்கள் புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசையமைப்பைத் தெரிவுசெய்தால், அடிப்பது பழைய மாதிரி, வருவது யூனிகோட். பழைய வினாத்தாள்கள் பாமினியில்தான் கிடக்கின்றன என்றால் பீடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டு போகலாம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கல்லூரியில் யாரும் இல்லை, ஆமர் வீதியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணா.

ஆனால் பெரிய பாடம் எழுத்துருவில் இல்லை. அது இரண்டாவது அலகில், நிலைமின்னில் (பொருள்களை உரசும்போது உண்டாகும் மின்) வந்தது.

அந்த முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்த்தேன். ஏழு மணிக்கே போய்ப் புரொஜெக்டரைப் பொருத்தினேன். கல்லூரியில் இருந்து விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வருகிற நாள். யூடியூபில் இருந்து இறக்கிய ஒரு வீடியோ: பலூனை உரசினால் கடதாசித் துண்டுகள் எழும்பி வந்து ஒட்டுகின்றன, குழாயில் இருந்து விழும் மெல்லிய தண்ணீர் வளைகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில் ஐந்து சிறு கேள்விகள் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஐந்தும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். படிவத்தை நிரப்பி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்லைட், வீடியோ எல்லாம் வடிவா இருக்குப் பிள்ளை. அந்த நாப்பது நிமிஷமும் பிள்ளைகள் என்ன செய்தவை?"

பார்த்தார்கள், கைதட்டினார்கள். வேறு பதில் என்னிடம் இல்லை.

அடுத்த நாள் வீம்புக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் அடிமட்டம் கொண்டுவரச் சொன்னேன். கிழிந்த கொப்பித் தாளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி மேசைகளில் தூவினேன். தலையில் உரசு, கிட்டக் கொண்டு போ. உரசினார்கள். ஒன்றும் எழும்பவில்லை. இன்னும் பலமாக உரசினார்கள். ஒரு துண்டு சும்மா ஆடியது, அதுவும் பேன் காற்றில். ஒரு பெண்பிள்ளை அடிமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "வீடியோல மட்டும்தான் ஒட்டுமா மிஸ்?"

நேற்று ஐந்துக்கு ஐந்து எடுத்தவள் அவள். உரசினால் ஏற்றம் (மின்னேற்றம்) பெறும், ஏற்றம் பெற்றது இலேசான பொருளைக் கவரும் என்று எழுதிக் காட்டியவள். எழுதியதற்கும் கையில் இருந்த அடிமட்டத்துக்கும் அவளிடம் எந்தத் தொடுப்பும் இல்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் விடை வரவில்லை. மழை விட்டிருந்த காலை, ஓடிட்ட கட்டடம், ஒட்டினாற்போல் 41 பேர். நெற்றியில் வழிந்ததைத் துடைத்தபோதுதான் புத்தி வந்தது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் சாதாரண நாளிலேயே 80 வீதத்தை ஒட்டி நிற்கும். அந்த ஈரம் அடிமட்டத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலமாகப் படியும். சேர்கிற ஏற்றம் அதன் வழியே கசிந்து போய்விடும். காரணம் காற்று மட்டும் என்று சொல்லவும் முடியாது. பாதிப் பேர் தலையில் தேங்காய் எண்ணெய். அந்த வீடியோ எந்தக் குளிர்நாட்டில், எந்த வறண்ட அறையில் எடுத்ததோ.

இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்க முதல் இன்னொருத்தன் குறுக்கிட்டான்.

"அப்ப காஞ்ச காத்து எங்க மிஸ் இருக்கு?"

"கம்பியூட்டர் ரூம்ல" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. "அங்க போனா எனக்கு உதடு காயும்."

எங்கள் பாடசாலையில் ஏசி உள்ள ஒரே வகுப்பறை அதுதான். ஏசி வைத்தது பிள்ளைகளுக்காக இல்லை, கணினிகளுக்காக. தகவல் தொழில்நுட்ப ஆசிரியரிடம் கெஞ்சி அடுத்த நாள் ஒரு பாடவேளை வாங்கினேன். "எத்தனை கம்பியூட்டர் தேவை?" என்றார். ஒன்றும் வேண்டாம் சேர், காற்று மட்டும் போதும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஏசியை அரை மணித்தியாலம் முன்னதாகவே போட்டு வைத்தோம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்த ஆறு பேரை உரசும் ஆட்களாகத் தெரிந்தெடுத்தோம் (இது பிள்ளைகளின் யோசனை, எண்ணெய் வைத்த இரண்டு பேரும் உரசிப் பார்க்கட்டும், ஒப்பிடலாம் என்பதும் அவர்களுடையதுதான்). அடிமட்டம் கிட்டப் போனதும் துண்டுகள் நிமிர்ந்தன, எழும்பின, ஒட்டின. அறையில் எழும்பிய சத்தத்துக்கு உப அதிபரே எட்டிப் பார்த்தார். எண்ணெய்த் தலை அடிமட்டங்கள் ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. 'வீடியோல மட்டும்தான் ஒட்டுமா' என்று கேட்ட அதே பிள்ளை, அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ், ஒட்டுன பிறகு சிலது எகிறிப் பாயுது." உண்மைதான். அடிமட்டத்தைத் தொட்ட துண்டுகள் சிலவற்றுக்கு அதே ஏற்றம் போய்ச் சேர, ஒத்தவை ஒன்றையொன்று தள்ளும் விதிப்படி அவை விலகிப் பறக்கும். அது என் திட்டத்தில் அடுத்த கிழமைப் பாடம். வீட்டுக்குப் போய் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதிலும் இரண்டு துண்டுகள் எகிறுகின்றன. தட்டச்சுப் பிழை தேடுகிற கண்ணோடு நானே அதை நான்கு தரம் பார்த்திருப்பேன். ஒருமுறையும் கண்ணில் படவில்லை.

அன்றிரவு ஆசிரியர் வழிகாட்டியை வேறு மாதிரிப் புரட்டினேன். 2007இல் இருந்து நம்முடைய பாடத்திட்டம் தேர்ச்சி மையப் பாடத்திட்டம், அதாவது பிள்ளை எதைச் செய்யக்கூடியவராகிறார் என்பதை மையமாக வைத்தது, என்று கல்லூரியில் படித்திருக்கிறோம். பரீட்சைக்கு அதை நான் இரண்டு பக்கம் எழுதியும் இருக்கிறேன். ஆனால் கற்றற்பேறுகளை (பாட முடிவில் பிள்ளை என்ன செய்வார் என்று சொல்லும் வரிகளை) எல்லாம் பாடக்குறிப்பின் மேல்மூலையில் பார்த்து எழுதும் சடங்காகத்தான் இதுவரை வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் முடிகிறது: விவரிப்பார், வேறுபடுத்துவார், எடுத்துக்காட்டுவார், செய்துகாட்டுவார். 'பார்ப்பார்' என்று ஒரு வரியும் கிடையாது. நான் வீடியோ போட்ட பாடத்தில் பிள்ளைகள் செய்த ஒரே வினை அதுதான்.

இப்போது என் முறை இது. பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் அந்த வினைக்கு அடியில் சிவப்புப் பேனையால் கோடு. பிறகு அந்த வினையைச் செய்யப் பிள்ளையின் கையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். அதற்குப் பிறகுதான் புரொஜெக்டர் வேண்டுமா என்ற கேள்வி. சில நேரம் வேண்டும்தான். இதயத்தில் வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் காட்ட என்னால் முடியாது. அதற்கு நல்ல அனிமேஷன் ஒன்று போதும். அதை நிறுத்தி நிறுத்திப் போட்டு, அடுத்து எந்தப் பக்கம் இரத்தம் போகும் என்று முதலில் சொல்ல வைத்துவிட்டுக் காட்டினால், பார்ப்பது எதிர்வுகூறலாக மாறிவிடும். நிறுத்தாமல் ஓட்டினால் அது படம் பார்ப்பது.

இதில் இன்னொரு சங்கடம் சொற்கள். தமிழில் விஞ்ஞான வீடியோ தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் செய்தது. நல்ல வீடியோக்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மின்னூட்டம், இங்கே ஏற்றம். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். ஒளிச்சேர்க்கைக்கு நாங்கள் ஒளித்தொகுப்பு என்போம், லிட்மஸ் தாளுக்குப் பாசிச்சாயத்தாள். எல்லாவற்றையும் விட வில்லங்கம், காரம் என்ற சொல். அங்கே அமிலத்துக்கு எதிர்ச்சோடி காரம். எங்கள் புத்தகத்தில் அது மூலம், தண்ணீரில் கரையும் மூலத்தை மட்டுமே காரம் என்போம். ஒரே சொல், இரண்டு பொருள். பிள்ளை வீடியோவில் கேட்டதைத் தவணைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி போடுகிற ஆளைப் பொறுத்து அதன் தலைவிதி.

சாட்ஜிபிடியிடம் தமிழில் பாடக்குறிப்பு கேட்டபோதும் இதே கலவைதான் வந்தது. ஒரு பந்தியில் ஒட்சிசன், அடுத்த பந்தியில் ஆக்சிஜன். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன்; எனக்கு அது கேள்விகள் யோசிக்க உதவுகிறது, குறிப்பாக ஒரு விடயத்தைப் பிள்ளைகள் எப்படியெல்லாம் பிழையாக விளங்கிக்கொள்ளலாம் என்று கேட்டால் நல்ல பட்டியல் தரும். ஆனால் வருவதைப் பாடநூலோடு வரி வரியாக வைத்துப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பீடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன, போனிலேயே வைத்திருக்கலாம். சொல் வேறுபாட்டை மறைக்காமல் சுவரில் ஒரு பிரிஸ்டல் போர்ட் ஒட்டி இரண்டு நிரலாக எழுதவும் தொடங்கினோம். வீடியோவில் புதுச்சொல் பிடித்து வருகிறவர் தானே போய் எழுத வேண்டும். அது இப்போது அவர்களுக்குள் பெரிய போட்டி.

வட்ஸ்அப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் மாணவி. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில் எழுதிய தொகுதி நாங்கள். அப்பாவின் போனில் சூம் வகுப்பு, டேட்டா முடிந்தால் வகுப்பும் முடிந்தது. இவ்வளவும் பட்டவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. பயிற்சிக்கு வந்த மூன்றாம் கிழமை நானும் பெற்றோர் குழுவில் வீட்டுவேலையைப் போட்டேன், செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லி. ஒரு பையன் தொடர்ந்து மூன்று முறை அனுப்பவில்லை. வகுப்பில் எழுப்பிக் கேட்டேன், பேசாமல் நின்றான். ஏசிவிட்டேன்.

இடைவேளையில் மூத்த ஆசிரியை ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மகள், அவன்ட அப்பா புறக்கோட்டையில மூட்டை தூக்குறவர். வீட்ல இருக்கிறதே அந்த ஒரு போன்தான். அவர் வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகும், அவன் அதுக்குள்ள தூங்கிருவான்." வேறொன்றும் சொல்லவில்லை, வடையில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுவேலை இப்போது கொப்பியில்தான். குழு இருக்கிறது, அதில் அறிவித்தல் மட்டும் போடுகிறேன், அதையும் வகுப்பில் ஒருமுறை வாயால் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் இந்தப் பிள்ளைகளுக்கும், வீட்டில் ஆளுக்கொரு டெப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வருவது ஒரே வினாத்தாள். எட்ட வேண்டிய தரம் ஒன்றுதான், ஏணி வேறு வேறு. ஏணியில் என்னால் முடிந்த படிகளையாவது நானே உடைக்காமல் இருக்க வேண்டும்.

போன் மூலம் எனக்கு உண்மையாகவே கிடைத்த நன்மை வேறு இடத்தில். ஒரு நாள் என் பாடத்தை நானே ஒலிப்பதிவு செய்தேன். போனைப் பறக்கும் பயன்முறையில் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்தால் போதும். மகரகமைக்கு ஒரு வேலையாகப் போகும்போது 138 பஸ்ஸில் இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டேன். நுகேகொடை வருவதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. 40 நிமிடத்தில் 31 நிமிடம் என் குரல். கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருந்த நேரத்தை எண்ணினேன்: ஒரு வினாடி, சில இடத்தில் அதுவும் இல்லை, நானே விடையும் சொல்லிவிட்டேன். கல்லூரியில் 'காத்திருப்பு நேரம்' பற்றி விரிவுரை கேட்டிருக்கிறேன், குறிப்பும் எடுத்திருக்கிறேன். என் காதால் கேட்கும்வரை அது உறைக்கவில்லை. இப்போது கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதல் கிழமை அந்த ஐந்து வினாடி ஐந்து வருடம் மாதிரி இருந்தது. பிறகு, வழக்கமாகக் கை தூக்காத பக்கத்தில் இருந்து கை வரத் தொடங்கியது. பயிற்சியில் இருக்கிற எவருக்கும் ஒரே ஒரு தொழில்நுட்பம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். செலவு கிடையாது, அலுமாரித் திறப்பும் தேவையில்லை. பதிவைக் கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள், பிள்ளைகளின் குரல் அதில் இருக்கிறது.

பாடசாலையில் ஸ்மார்ட் போர்டும் ஒன்று உண்டு. பழைய மாணவர்கள் அன்போடு வாங்கித் தந்தது. பூப்போட்ட துணி போர்த்தி, யாரும் கீறிவிடாமல் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த மேற்பார்வை வருகிற மாதம். படிவத்தில் கற்பித்தல் துணைச்சாதனங்களுக்கென்று ஒரு நிரல் இருக்கிறது. புரொஜெக்டர் இல்லாமல் போனால் அதில் புள்ளி குறையுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பாடம் அமிலமும் மூலமும். செவ்வரத்தம்பூச் சாற்றைக் காட்டியாக (அமிலத்திலும் மூலத்திலும் வெவ்வேறு நிறம் காட்டும் பொருளாக) வைத்துச் செய்வதாக முடிவெடுத்து, ஆளுக்கு இரண்டு பூ கொண்டுவரச் சொன்னேன்.

"எங்க பிளட்ஸ்ல பூ இல்ல மிஸ்" என்றான் ஒருத்தன். "யூடியூப்லயே காட்டிருங்களேன்."

வகுப்பு சிரித்தது. கோயில் வாசலில் வாங்கலாமா, யார் வீட்டில் செடி இருக்கிறது என்று பேச்சு ஓடியது. நான் ஐந்து வரை எண்ணினேன். வீட்டுவேலை அனுப்பாமல் என்னிடம் ஏச்சு வாங்கிய பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், சேட்ல கறி பட்டா மஞ்சளாத்தானே இருக்கும். அம்மா சவுக்காரம் போடுறப்ப அந்த இடம் மட்டும் சிவக்கும். அது இதானா?"